'ஸ்டீஃபன்ஸ் டைரீஸ்: ஆரிஜின்ஸ்' நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தக்காட்டேரிகளைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'தி வாம்பயர் டைரீஸ்' தொடரைப் பார்த்து முடித்தவர்களில் பலர் அடுத்ததாகத் தேடுவது அதன் முன்கதை நாவலை. தேடத் தொடங்கியதுமே குழப்பமும் தொடங்கிவிடும். தொடருக்கு முன்பே வந்த நாவல்கள் உண்டு, தொடரை வைத்து எழுதிய நாவல்களும் உண்டு. இரண்டிலும் அட்டையில் ஒரே எழுத்தாளரின் பெயர். இந்த நாவலைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் நான்கு பதில்களில் கதையின் முடிச்சுகள் எதையும் அவிழ்க்கவில்லை. ஐந்தாவது கேள்வியிலிருந்து, முதல் சீசனைப் பார்த்தவர்களுக்காக எழுதியது.

இது எந்த நாவல்? எப்போது வந்தது?

'ஸ்டீஃபன்ஸ் டைரீஸ்' என்பது ஆறு நாவல்கள் கொண்ட வரிசை. அதில் முதலாவது 'ஆரிஜின்ஸ்'. 2010 நவம்பரில் அமெரிக்காவின் ஹார்ப்பர்டீன் பதிப்பகம் வெளியிட்டது. சி.டபிள்யூ. தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பமானது 2009 செப்டம்பர் 10 அன்று. அதாவது முதல் சீசன் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது நாவல் கடைகளுக்கு வந்தது. தொடரோ அதற்குப் பிறகும் நீண்டு, எட்டு சீசன்களில் 171 எபிசோடுகளாக 2017 மார்ச்சில்தான் நிறைவடைந்தது. இந்தத் தேதிகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலும் தொடரும் ஏன் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இவற்றில்தான் இருக்கிறது.

கதை நடப்பது 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வர்ஜீனியாவில். மிஸ்டிக் ஃபால்ஸ் என்ற கற்பனை ஊர். அங்கே வெரிட்டாஸ் என்ற பெரிய பண்ணை. பதினேழு வயது ஸ்டீஃபன் சால்வடோர், போர்முனையிலிருந்து திரும்பும் அண்ணன் டேமன், இவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சேரும் கேத்ரின் பியர்ஸ் என்ற இளம்பெண். தொடரில் துண்டு துண்டாகப் பழைய நினைவுகளாக வந்த கதையை நாவல் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறது.

1991இல் வந்த நாவல்களின் முன்கதையா இது?

இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

எல். ஜே. ஸ்மித் எழுதிய மூல நாவல்களில் மூன்று 1991இலும் நான்காவது 1992இலும் வந்தன. அவற்றில் ஊரின் பெயர் ஃபெல்ஸ் சர்ச். நாயகி எலீனா பொன்னிறக் கூந்தல் உடையவள். சால்வடோர் சகோதரர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். கேத்ரின் ஒரு ஜெர்மானியப் பெண். கெவின் வில்லியம்சனும் ஜூலி பிளெக்கும் தொடரை உருவாக்கியபோது இதையெல்லாம் மாற்றினார்கள். ஃபிளாரன்ஸ் போய் வர்ஜீனியா வந்தது, மறுமலர்ச்சிக் காலம் போய் உள்நாட்டுப் போர் வந்தது. சால்வடோர் என்ற இத்தாலியக் குடும்பப் பெயரும் ஜியூசெப்பே என்ற தந்தையின் பெயரும் பழைய கதையின் மிச்சங்கள்.

'ஆரிஜின்ஸ்' முழுக்க முழுக்கத் தொலைக்காட்சிக் கதையின் முன்கதை. மூல நாவல்களை மட்டும் படித்துவிட்டு இதை எடுப்பவருக்கு முதல் பக்கத்திலேயே நூற்றாண்டும் நாடும் மாறிப்போயிருக்கும்.

இதை எல். ஜே. ஸ்மித்தான் எழுதினாரா?

அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. எழுதியவர் அவர் அல்லர். அவருடைய நாவல்களையும் தொலைக்காட்சித் தொடரையும் தழுவி, தன் பெயர் வெளியில் தெரியாத ஓர் எழுத்தாளர் எழுதியது இது.

இது எப்படி நடக்க முடியும் என்று கேட்பவர்களுக்காக இதன் வரலாற்றைச் சொல்கிறேன். ஸ்மித் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நாவல்களைத் தாமாக எழுதிப் பதிப்பகத்திடம் கொண்டுபோகவில்லை. நூல் தயாரிப்பு நிறுவனம் ஒன்று அவரை அழைத்து எழுதச் சொன்னது. பிற்காலத்தில் அலாய் என்டர்டெயின்மென்ட் என்று அறியப்பட்ட நிறுவனம் அது. கூலிக்கு எழுதித் தரும் ஒப்பந்தம் என்பதால் பாத்திரங்களின் உரிமையும் பதிப்புரிமையும் நிறுவனத்திடமே இருந்தன. தொடர் பெரும் வெற்றி பெற்ற பிறகு, 2011இல், அந்த வரிசையை எழுதும் பொறுப்பிலிருந்தே அவரை விலக்கினார்கள். அடுத்து வந்த நாவல்களை வேறு கைகள் எழுதின, அட்டையில் மட்டும் அவர் பெயர் தொடர்ந்தது.

பின்னர் அமேசான் நிறுவனம், ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துக் கதை எழுதி விற்கலாம் என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஸ்மித் அதில் சேர்ந்து, தாம் படைத்த ஸ்டீஃபனையும் டேமனையும் எலீனாவையும் வைத்து 2014இல் கதைகள் வெளியிட்டார். தம் சொந்தப் பாத்திரங்களை எழுத அவருக்குக் கிடைத்த வழி ரசிகர்களுக்குத் திறந்திருந்த அதே வழிதான். 2025 மார்ச்சில் அவர் காலமானார். இந்த ஒப்பந்தம் சட்டப்படி சரியானதாக இருக்கலாம். ஆனால் ஒரு எழுத்தாளரின் பெயர் அவர் எழுதாத நூலின் அட்டையில் பெரிய எழுத்தில் நிற்பதை என்னால் இன்னும் இயல்பாக ஏற்க முடியவில்லை. 'ஆரிஜின்ஸ்' எனக்குப் பிடித்த நாவல். பெயரில்லாமல் அதை எழுதியவருக்கும் சேர்த்துத்தான் இது அநீதி.

முதலில் தொடரா, நாவலா?

முதல் சீசனைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வாருங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கதையில் காலத்தால் முந்தியதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். முன்கதை என்பது பின்கதையை அறிந்தவருக்காக எழுதப்படுவது. 1864இல் நடந்தது என்ன என்பதைத் தொடர் இருபது எபிசோடுகளுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது. நாவல் அதை நேர்கோட்டில் சொல்லிவிடுகிறது. நாவலை முதலில் படித்தால் அந்த சீசனின் சுவையில் பெரும்பகுதி போய்விடும். மாறாக, தொடரைப் பார்த்தவர் நாவலுக்கு வரும்போது, ஸ்டீஃபனுக்குத் தெரியாததெல்லாம் தனக்குத் தெரிந்த நிலையில் வருகிறார். டேமன் வீடு திரும்பியதும் அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவிக்கொள்வதைப் படிக்கும்போதே மனம் கனக்கிறது.

இரண்டாம் சீசன் வரை காத்திருக்கத் தேவையில்லை.

1864இல் உண்மையில் நடந்தது என்ன? தொடரில் சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சொல்ல முடியுமா?

அட்லாண்டாவில் பெற்றோரை இழந்த அநாதை என்று சொல்லிக்கொண்டு கேத்ரின், எமிலி என்ற பணிப்பெண்ணுடன் வெரிட்டாஸ் பண்ணைக்கு வருகிறாள். தம்பி மயங்குகிறான், அண்ணனும் மயங்குகிறான். இருவருக்கும் அவள் இடம் கொடுக்கிறாள். இதற்கிடையே ஊரில் கால்நடைகளும் மனிதர்களும் கழுத்து கிழிந்து செத்துக் கிடக்கிறார்கள். ஊரை நிறுவிய குடும்பங்களின் தலைவர்கள் ரகசியமாகக் கூடுகிறார்கள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடத் திட்டம் போடும் அந்தக் கூட்டத்தில் ஜியூசெப்பேவும் ஒருவர்.

இனி வருவது, முதல் சீசனின் 'சில்ட்ரன் ஆஃப் த டேம்ட்' எபிசோடில் வரும் அந்தக் காட்சி. கேத்ரின் யார் என்று ஸ்டீஃபனுக்கு இப்போது தெரியும். தந்தையிடம் அவளைக் காட்டிக்கொடுக்காமல், பொதுவாகப் பேசுவதுபோல் தொடங்குகிறான். அவர்கள் எல்லாருமே கொடியவர்கள் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும், நன்மை தீமை தெரிந்தவர்களும் அவர்களில் இருக்கலாம் அல்லவா என்று கேட்கிறான். தந்தை கத்தவில்லை, அடிக்கவில்லை. மகன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஒரு கோப்பை மதுவை ஊற்றித் தருகிறார். தன்னை ஆண்மகனாக மதித்து அப்பா தருகிறார் என்று மகன் வாங்கிக் குடிக்கிறான். அதில் வெர்வெய்ன் மூலிகை கலந்திருக்கிறது. அன்றிரவு அவன் கழுத்தில் வாய் வைத்த கேத்ரின் துடித்துக் கீழே விழுகிறாள். ஆட்கள் உள்ளே நுழைகிறார்கள். மகனின் ரத்தத்தையே தந்தை பொறியாக்கிவிட்டார் என்பது அவனுக்குப் புரியும்போது காலம் கடந்துவிட்டது.

அவளை மீட்கப் போன அண்ணனும் தம்பியும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பிடிபட்டவர்களைத் தேவாலயத்தில் அடைத்துத் தீ வைக்கிறார்கள். கேத்ரினின் ரத்தம் ஏற்கெனவே உடலில் இருந்ததால் சகோதரர்கள் இருவரும் விழித்தெழுகிறார்கள். இனி மனித ரத்தம் குடித்தால் ரத்தக்காட்டேரியாக மாறலாம், குடிக்காவிட்டால் சாவுதான். அந்த இரவில் ஸ்டீஃபன் எடுக்கும் இரண்டு முடிவுகளில்தான் முழு நாவலும் நிற்கிறது. அடுத்த கேள்வியில் அதற்கு வருகிறேன்.

டேமன் தம்பியை ஏன் அவ்வளவு வெறுக்கிறான்? கேத்ரினுக்காகவா?

முதல் சீசன் முழுவதும் நம்மை அப்படித்தான் நினைக்க வைக்கிறார்கள். ஒரு பெண்ணுக்காக மோதிய அண்ணன் தம்பி. அதில் அண்ணன் கெட்டவன், தம்பி நல்லவன். 'பிளட் பிரதர்ஸ்' என்ற இருபதாவது எபிசோடில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

விழித்தெழுந்த டேமன் வாழ விரும்பவில்லை. கேத்ரின் இல்லாத உலகம் தனக்கு வேண்டாம் என்று சாகத் தீர்மானிக்கிறான். அது அவன் எடுத்த முடிவு, அதை மதித்திருக்க வேண்டும். ஸ்டீஃபன் தந்தையிடம் விடைபெற்று வரப் போகிறான். தந்தை மகனைக் குத்த வருகிறார். கைகலப்பில் தந்தை காயப்பட, கசிந்த ரத்தத்தின் வாடை ஸ்டீஃபனை இழுத்துவிடுகிறது. குடித்த கணத்தில் அச்சமும் துக்கமும் விலகி, உடலெங்கும் புது வலிமை பாய்கிறது. இந்தச் சுகத்தை அண்ணனும் அனுபவிக்க வேண்டும் என்று ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்துவந்து, அவள் கழுத்தைக் கிழித்து, டேமனின் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.

சாக விரும்பியவனை அழிவில்லாத வாழ்வுக்குள் தள்ளியவன் ஸ்டீஃபன். அதற்காக ஒரு பெண்ணின் உயிரையும் எடுத்தான். அண்ணனின் நூறாண்டுக் கோபத்துக்கு வேர் இதுதான். கேத்ரின் தம்பியையும் மாற்றினாள் என்ற பொறாமையும் டேமனிடம் உண்டு, ஆனால் அதைவிட ஆழமானது இந்தக் காயம்.

'ஆரிஜின்ஸ்' நாவலை நான் மதிப்பதற்குக் காரணமும் இதுவே. இந்தக் கதையை டேமனின் வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு புகார்ப் பட்டியலாக இருந்திருக்கும். குற்றம் செய்தவனே, தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே சொல்கிறான். தந்தை சொல் தட்டாதவன், அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவன், பிறர் மனம் நோகக் கூடாது என்று எதையும் வெளிப்படையாகச் சொல்லாதவன். இந்த நல்ல குணங்கள்தாம் ஒவ்வொரு படியிலும் அவனைக் கொடுமைக்கு அருகில் கொண்டுபோகின்றன. அண்ணன் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பதற்காக அண்ணனைச் சாகவிடாமல் செய்கிறான். அதை அன்பு என்று அவன் நம்புகிறான். படிக்கும் நமக்கு அந்த நம்பிக்கைதான் அச்சமூட்டுகிறது.

கேத்ரின் ஸ்டீஃபனைக் காதலித்தாளா, வசியம் செய்தாளா?

இரண்டும் உண்டு என்பதுதான் சிக்கல். எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசியே மனத்தைத் தன் வழிக்குக் கொண்டுவரும் ஆற்றல் அவளிடம் இருக்கிறது. ஸ்டீஃபனிடம் அதைப் பயன்படுத்துகிறாள். பயப்படாதே என்கிறாள், மறந்துவிடு என்கிறாள். டேமனிடம் அதற்குத் தேவையே ஏற்படவில்லை. அவள் யார் என்று தெரிந்தே அவன் அவளை ஏற்றுக்கொண்டான்.

அதனால் ஸ்டீஃபன் 'எனக்கு அவள்மேல் காதல்' என்று சொல்லும்போது, அந்த உணர்வில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அவள் வைத்தது என்று நம்மால் பிரிக்க முடிவதில்லை. தொடரில் நாம் இதை வெளியிலிருந்து பார்க்கிறோம். கேத்ரினாக நடித்த நினா டோப்ரெவின் கண்கள் விரியும்போதே என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். நாவலில் ஸ்டீஃபனின் தலைக்குள்ளேயே இருப்பதால் இந்த ஐயம் ஒவ்வொரு வரியிலும் கூடவே வருகிறது. எழுத்து தொலைக்காட்சியை வெல்லும் இடம் இது.

ரோசலின் யார்? தொடரில் அப்படி ஒருத்தி இல்லையே?

நாவலுக்கென்றே படைக்கப்பட்டவள். ரோசலின் கார்ட்ரைட்டை ஸ்டீஃபனுக்கு மணமுடிக்க இரு தந்தையரும் பேசி முடிக்கிறார்கள். அவனுக்கு விருப்பமில்லை, மறுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. திருமணம் வரை போவதற்குள் அவள் கழுத்து கிழிந்து சாகிறாள்.

கூச்ச சுபாவமுள்ள, கண்ணில் படாத பெண்ணாகவே அவளைக் காட்டுகிறார்கள். தன் சாவில் ஸ்டீஃபனுக்குக் கொஞ்சம் விடுதலையும் இருந்தது என்பதைக்கூட அறியாமல் போய்விட்டாள். துயரத்தோடு கலந்து வரும் அந்த நிம்மதியை அவன் உணர்ந்து வெட்கப்படும் பக்கங்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. பின்னால் நடக்கப்போவதற்கு முன்னோட்டம் அங்கே இருக்கிறது.

தொடருக்கும் நாவலுக்கும் எங்கெல்லாம் முரண்பாடு?

ரோசலினைத் தவிர மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, லெக்ஸி. ஸ்டீஃபனை விலங்கு ரத்தத்தில் வாழப் பழக்கிய தோழி அவள். நாவல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவளைச் சந்திக்கிறான். தொடரின் 'தி டின்னர் பார்ட்டி' எபிசோடில் சந்திப்பு மிஸ்டிக் ஃபால்ஸிலேயே நடந்துவிடுகிறது. நாவல் வந்தது 2011 ஜனவரியில், எபிசோட் ஒளிபரப்பானது அதே ஆண்டு பிப்ரவரியில். அச்சுக்குப் போய்விட்ட நூலை யாரும் திருத்த முடியாது.

இரண்டாவது, தாய். நாவலில் அவள் இறந்துபோனவள். அந்த இழப்பு வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிகிறது. தொடரின் ஆறாம் சீசனில் லில்லி சால்வடோர் ரத்தக்காட்டேரியாக உயிரோடு வந்து நிற்கிறாள். மூன்றாவது, வேலரி. ஏழாம் சீசனில், கேத்ரினுக்கு முன்பே 1863இல் ஸ்டீஃபன் ஒரு பெண்ணைக் காதலித்திருந்தான் என்று சேர்த்தார்கள். நாவலின் ஸ்டீஃபன் கேத்ரினைக் கண்டு தடுமாறுவது முதல் காதலின் தடுமாற்றம்.

எது சரி என்று சண்டையிடுவதில் பொருளில்லை. என்னைக் கேட்டால், தாய் இறந்துபோன வீடாக இருப்பதுதான் கதைக்குப் பொருத்தம். கண்டிப்பான தந்தைக்கும் இரண்டு மகன்களுக்கும் நடுவே நின்று பேச யாரும் இல்லாத வீட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

உள்நாட்டுப் போரை நாவல் உண்மையாகக் காட்டுகிறதா? அடிமை முறையைப் பற்றி என்ன சொல்கிறது?

நாவலில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். நீளமாகவே சொல்கிறேன்.

1860 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவில் சுமார் 4.9 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். மாநில மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் எண்ணிக்கை. வெரிட்டாஸ் போன்ற ஒரு பண்ணை அவர்கள் உழைப்பு இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1864இல் தென்மாநிலப் பண்ணைகளிலிருந்து மக்கள் வடக்குப் படையை நோக்கித் தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். கோடைக்காலம் முதல் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரம் முற்றுகையில் கிடந்தது. இவ்வளவு பெரிய கொந்தளிப்பு நாவலில் தொலைவில் கேட்கும் இரைச்சலாகவே இருக்கிறது. தோட்டம், விருந்து, நடனம் என்று கதை நகர்கிறது. அவற்றைச் சாத்தியமாக்கியவர்கள் தட்டு ஏந்தி வந்து போகிறார்கள். தென்மாநிலப் படையில் டேமன் இருந்தது எதற்காகப் போரிடுவதற்கு என்று நாவல் அழுத்திக் கேட்பதில்லை. தொடரும் கேட்கவில்லை. மற்றவர் ரத்தத்தில் வாழும் உயிர்களைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடாமல் விட்டது பெரிய இழப்பு.

கேத்ரின் அட்லாண்டா அநாதை என்று சொல்வதில் வரலாற்று நியாயம் உண்டு. 1864 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மனின் பீரங்கிகள் அந்த நகரைத் தாக்கின. செப்டம்பர் 2 அன்று நகரம் வீழ்ந்தது. நகரத்துக்குப் பெருந்தீ வைத்தது அதற்குப் பிறகு, நவம்பரில்.

இங்கே ஒரு தகவல். தொடரில் மிஸ்டிக் ஃபால்ஸாக நாம் பார்க்கும் ஊர் ஜார்ஜியா மாநிலத்தின் கோவிங்டன். முதல் எபிசோடை மட்டும் கனடாவின் வான்கூவரில் எடுத்தார்கள். மணிக்கூண்டும் சதுக்கமும் கோவிங்டனுடையவை. அட்லாண்டாவை எரித்துவிட்டுக் கடலை நோக்கிப் புறப்பட்ட ஷெர்மனின் படை, 1864 நவம்பரில் அந்த ஊர் வழியாகத்தான் சென்றது. அருகிலிருந்த பண்ணை ஒன்றில் டாலி சம்னர் லன்ட் என்ற கணவரை இழந்த பெண் டைரி எழுதிக்கொண்டிருந்தார். நவம்பர் 19ஆம் தேதிக் குறிப்பில், படைவீரர்கள் இறைச்சிக் கொட்டகையிலும் பால்பண்ணையிலும் புகுந்து எல்லாவற்றையும் அள்ளிச் சென்றதையும், கோழி பன்றி குதிரை எதுவும் மிஞ்சாமல் போனதையும், பண்ணையின் அடிமை இளைஞர்களைத் துருப்புகள் ஓட்டிச் சென்றதையும் எழுதியிருக்கிறார். 1918இல் அது நூலாக வந்தது. அடிமைகளை வைத்திருந்த ஒருவரின் பார்வை அது. அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆனாலும் ஒரு 1864 டைரியில் எதெல்லாம் இடம்பெறும் என்று பார்க்க விரும்புவோர் அதைத் தேடிப் படிக்கலாம். ஸ்டீஃபனின் டைரியில் இல்லாதது என்ன என்பது உடனே தெரியும்.

சூரிய ஒளி, மோதிரம், வெர்வெய்ன்: இந்த விதிகள் நாவலிலும் அப்படியேவா?

அப்படியேதான். நீலக்கல் மோதிரம் அணிந்தால் பகலில் நடமாடலாம். சகோதரர்களின் மோதிரங்கள் எமிலியின் மந்திர வேலை. வெர்வெய்ன் பட்டால் சுடும், அதை உட்கொண்டவரை வசியம் செய்ய முடியாது. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. நீலக்கல் மோதிரமும் வெர்வெய்னும் ஸ்மித்தின் மூல நாவல்களிலேயே இருப்பவை.

வெர்வெய்ன் கற்பனைச் செடி இல்லை. ஐரோப்பாவில் சாலையோரங்களில் வளரும் சிறு மூலிகை, பழங்காலம் தொட்டே தீய சக்திகளை விரட்டும் என்று நம்பப்பட்டது. வெயிலில் எரிந்து சாவது மட்டும் பழைய நம்பிக்கை இல்லை. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் அவன் பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். சூரிய ஒளி கொல்லும் என்பது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து பரவியது.

டைரி என்கிறார்கள், தேதி போட்ட குறிப்புகளாகவே இருக்குமா?

இல்லை. ஸ்டீஃபன் தன்னிலையில் சொல்லும் வழக்கமான நாவல், இடையிடையே டைரிக் குறிப்புகள் வரும். எளிய ஆங்கிலம், சிறு அத்தியாயங்கள். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். ஆங்கில நாவல்களுக்குப் புதியவர் என்றால், கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தொடங்குவதற்கு இது நல்ல நூல்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதினான்கு, பதினைந்து வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கொலைகள் உண்டு, ரத்தம் நிறைய உண்டு. படுக்கையறை நெருக்கம் குறிப்பாகச் சொல்லப்படுகிறது, விவரிக்கப்படுவதில்லை. பெற்றோர் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிள்ளைகளோடு பேச வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். ஒருவர் மனத்தை அவர் அறியாமல் வளைத்துவிட்டுப் பெற்ற சம்மதம் சம்மதமா என்ற கேள்வி கேத்ரினின் கதை முழுக்க இருக்கிறது. 'உன்மேல் உள்ள அன்பால்தான் செய்தேன்' என்று ஒருவர் இன்னொருவரின் முடிவைப் பறிப்பது ஸ்டீஃபனின் கதை. அந்த வயதினர் இதைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை. பெரியவர்கள் கேட்டால் போதும்.

ஆறு தொகுதிகளையும் படிக்க வேண்டுமா?

முதலாவதும் இரண்டாவதும் கட்டாயம். இரண்டாவது தொகுதியான 'பிளட்லஸ்ட்' நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. ரத்தவெறி தலைக்கேறிய ஸ்டீஃபன் லெக்ஸியிடம் வந்து சேர்வதும், காட்சிப்பொருளாகப் பிடித்து அடைக்கப்பட்ட டேமனும், கேலி என்ற பெண்ணும் அதில் வருகிறார்கள். சகோதரப் பகை பழிவாங்கலாக முற்றுவது அங்கேதான். 'ஆரிஜின்ஸ்' பாதியில் நின்றதுபோல் தோன்றினால், அதன் மறுபாதி இது.

மூன்றாவதான 'தி கிரேவிங்' நியூயார்க்குக்குப் போகிறது. சென்ட்ரல் பார்க்கில் அணில் முயல் பிடித்துத் தின்று ஒதுங்கி வாழும் ஸ்டீஃபனை டேமன் தேடி வந்து, பணக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கட்டாயத் திருமணம் செய்துவைக்கிறான். தொடக்கம் அருமை, பிற்பகுதி வேகத்தில் தடுமாறுகிறது. நான்காவதிலிருந்து களம் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்து. ஜாக் த ரிப்பர் என்று பெயர் பெற்ற, இன்றுவரை பிடிபடாத கொலைகாரனின் கதையோடு சகோதரர்களை இணைக்கிறார்கள். மூன்றோடு நிறுத்திக்கொண்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. நான்காவதை எடுப்பதென்றால் ஐந்தையும் ஆறையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக் கதை அந்த மூன்று தொகுதிகளிலும் ஒன்றாகத்தான் ஓடுகிறது.